ஆற்றைச் சாக்கடை என்று அழைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை. மதுரை கீரைத்துறைப் பக்கம் ஒரு சிறு பாலத்தைக் கடந்து கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டியும், அவருடைய பேரனும் போய்க்கொண்டிருந்தார்கள். பையனுக்கு ஏழு வயது இருக்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தான்.

"அப்பத்தா! இது ஆறா?" என்று கேட்டான்.

"ஆறு இல்லடா, சாக்கடை. மூக்கைப் பொத்திக்கிட்டு வா" என்றார் பாட்டி.

எனக்கு மனம் கேட்கவில்லை. "அம்மா, இது கிருதுமால் நதி அல்லவா? பையனிடம் சாக்கடை என்று சொல்லுகிறீர்களே!" என்றேன்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எனக்குத் தெரியாதாய்யா? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல இதுலதான் துணி துவைச்சேன். அப்ப ஆறுன்னுதான் சொன்னோம். இப்ப ஆறுன்னு சொல்ல நாக்கு வரமாட்டேங்குது."

பையன் விடவில்லை. "அப்ப அந்த ஆறு எங்க போச்சு அப்பத்தா?" என்று கேட்டான்.

பாட்டி பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த இடத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இன்று அதைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர் சொல்லும் கதை

மதுரை என்றால் வைகை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மதுரைக்கு இரண்டு ஆறுகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஊருக்கு வடக்கே வைகை. தெற்கே கிருதுமால். இரண்டுக்கும் நடுவில்தான் பழைய மதுரை இருக்கிறது.

கிருதுமால் என்ற பெயர், 'கிருதமாலா' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. 'கிருத' என்றால் செய்யப்பட்ட. 'மாலா' என்றால் மாலை. ஊரை மாலை போல் வளைத்து ஓடுவதால் இந்தப் பெயர் வந்தது என்று மதுரைப் பெரியவர்கள் சொல்லுவார்கள். கூடல் அழகர் பெருமாளுக்குச் சூட்டிய மாலை என்றும் சொல்லுவார்கள்.

இந்தப் பெயர் பாகவத புராணத்திலும் வருகிறது. திராவிட நாட்டு அரசன் ஒருவன், பெயர் சத்தியவிரதன். அவன் கிருதமாலா ஆற்றில் இறங்கி, கைநிறையத் தண்ணீர் எடுத்துத் தர்ப்பணம் செய்தான். அள்ளிய தண்ணீரில் ஒரு சின்ன மீன் இருந்தது. 'என்னைக் காப்பாற்று' என்று அந்த மீன் கேட்டது. அரசன் அதைக் கமண்டலத்தில் விட்டான். மீன் வளர்ந்தது. தொட்டியில் விட்டான். அங்கும் வளர்ந்தது. ஏரியில் விட்டான். அங்கும் இடம் போதவில்லை. கடைசியில் கடலில் கொண்டுபோய் விட்டான். அந்த மீன்தான் மச்சாவதாரம் என்பது கதை.

புராணம் சொல்லும் கிருதமாலா வைகைதான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. மீன் கொடி பறந்த பாண்டியர் தலைநகரிலே, ஒரு சிறு ஆற்றுக்கு மீன் கதையோடு சேர்ந்த பெயரை மக்கள் வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். அந்த அளவுக்கு அதன்மேல் மதிப்பு வைத்திருந்தார்கள். நமக்கு அது போதும்.

இன்று அந்த ஆற்றிலே மீனைத் தேடினால் கிடைக்குமா? கைநிறைய அள்ளுவது இருக்கட்டும். கால் நனைக்க யாராவது துணிவார்களா?

எங்கே பிறக்கிறது? எங்கே போகிறது?

மதுரைக்கு மேற்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. மழை பெய்தால் அந்த மலைச் சரிவில் தண்ணீர் இறங்கும். கண்மாய்களில் நிறையும். கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். துவரிமான் பக்கத்தில் இப்படிச் சேருகிற தண்ணீர்தான் கிருதுமாலின் தொடக்கம்.

அங்கிருந்து அது ஊருக்குள் நுழைகிறது. எல்லீஸ் நகர், கீரைத்துறை, சிந்தாமணி என்று நகரின் தென்பாகத்தைக் கடக்கிறது. 'கீரைத்துறை' என்ற பெயரைக் கவனியுங்கள். துறை என்றால் என்ன? மக்கள் தண்ணீரில் இறங்கும் இடம். ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர் தன் பெயரில் துறையை இன்னும் வைத்திருக்கிறது. இறங்கத்தான் முடியவில்லை.

நகரை விட்ட பிறகு கிருதுமால் தென்கிழக்கே திரும்புகிறது. மதுரை, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வறண்ட பூமிக்கு அது தண்ணீர் தரவேண்டிய ஆறு. வழியெல்லாம் கண்மாய்கள். கடைசியில் அது குண்டாற்றோடு சேருகிறது.

குண்டாறு எது? ஆண்டிப்பட்டி மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக ஓடும் ஆறு. சாயல்குடிக்குப் பக்கத்தில் மூக்கையூர் அருகே அது கடலில் சேருகிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வைகையும் கிருதுமாலும் மதுரையிலே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் அவை போய்ச் சேரும் கடல்கள் வேறு. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைக்கும். மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் நீரிணைப் பக்கம் கடலில் சேரும். கிருதுமால் குண்டாற்றோடு கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகும். நடுவிலே இராமேசுவரம் தீவு. ஒரே மழை. ஒரே ஊர். ஒரு துளி தீவுக்கு வடக்கே போகிறது; மறு துளி தீவுக்குத் தெற்கே போகிறது.

மதுரையில் நாம் பாலத்திலிருந்து எறியும் குப்பை எந்தக் கடலுக்குப் போகும் என்று இப்போது புரிகிறதல்லவா? மூக்கையூர் மீனவர் வலை வீசும் கடலுக்கு!

ஒரே ஆறு, பல பெயர்

நம் நாட்டில் ஓர் ஆற்றுக்கு ஒரே பெயர் இருப்பதில்லை. வைகையைச் சங்க இலக்கியம் வையை என்று சொல்லுகிறது. வேகவதி என்ற பெயரும் அதற்கு உண்டு. வேகமாக ஓடுகிறவள் என்று பொருள்.

வைகை என்ற பெயருக்குத் திருவிளையாடல் கதை ஒன்று உண்டு. மீனாட்சி கல்யாண விருந்தைக் குண்டோதரன் என்ற பூதம் ஒருவனே தின்று தீர்த்தான். பிறகு தாகம் தாங்கவில்லை. குளமும் கிணறும் காலியாயின. சிவபெருமான் கங்கையை வரவழைத்து, 'வை கை' என்றார். அவன் கையை வைத்துக் குடித்தான். அதுவே வைகை ஆயிற்று என்று கதை சொல்லும்.

குண்டாற்றுக்கும் பெயர் மாறும். திருமங்கலத்தில் குண்டாறு. இரமண மகரிஷி பிறந்த திருச்சுழியில் அதற்குக் கௌண்டின்ய நதி என்ற பெயர் உண்டு. செங்கோட்டைப் பக்கம் வேறொரு குண்டாறும் இருக்கிறது. அங்கே ஓர் அணையும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இப்படிப் பல பெயர் இருப்பது குற்றமா? இல்லை. வீட்டுப் பிள்ளையை அம்மா ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பாட்டி வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எல்லாம் அன்பினால் வருவது. ஆனால் அதே பிள்ளையை 'தறுதலை' என்றே தினமும் கூப்பிட்டால் என்ன ஆகும்? சில நாளில் ஊரும் அப்படியே கூப்பிடும். யாரும் அந்தப் பிள்ளையைச் சீராட்ட மாட்டார்கள்.

கிருதுமாலுக்கு நடந்தது இதுதான்.

நதி சாக்கடை ஆன விதம்

முதலில் நதி என்றோம். பிறகு வாய்க்கால் என்றோம். அதற்குப் பிறகு ஓடை. இப்போது சாக்கடை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு. வாய்க்கால் மனிதன் வெட்டியது. வேண்டுமானால் மனிதன் அதைத் திருப்பலாம்; குறுக்கலாம்; மூடலாம். ஆறு அப்படியல்ல. தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள். தன் வழியைத் தானே கண்டுபிடித்துப் போவது ஆறு. நாம் அதன் வழியில் சுவர் வைத்தால், பெருமழை நாளில் அது வந்து தன் வழியைக் கேட்கும்.

ஊர் வளர்ந்தது. வீடுகள் பெருகின. குளியல் அறைத் தண்ணீரும், கழிவறைத் தண்ணீரும் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? பக்கத்திலே பள்ளம் இருந்தது. அதில் குழாயைத் திருப்பி விட்டார்கள். முதல் குழாய் வந்தபோது யாராவது, 'ஐயா, இது ஆறு!' என்று கையைப் பிடித்திருந்தால் இரண்டாவது குழாய் வந்திராது. ஆனால் அதற்குள் வாய்க்கால் என்ற பெயர் வந்துவிட்டது. வாய்க்கால்தானே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

அகலம் குறைந்தது. பல இடங்களில் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழும்பியது. இப்போது பார்ப்பவர்களுக்கு அது ஆறு என்றே தோன்றாது. ஏழு வயதுப் பையன் 'இது ஆறா?' என்று சந்தேகத்தோடுதான் கேட்க முடிகிறது.

இதிலே ஒரு தவறான பேச்சும் உண்டு. 'கரையில் குடிசை போட்டவர்கள்தான் ஆற்றைக் கெடுத்தார்கள்' என்பார்கள். இது நியாயம் இல்லை. இடம் இல்லாத ஏழை கரையில் குடிசை போட்டான். அவன் வீட்டிலிருந்து போகும் கழிவு எவ்வளவு? தெருத் தெருவாக மாடி வீடுகளிலிருந்து வரும் கழிவு எவ்வளவு? ஏழையை மட்டும் குற்றம் சொல்லுவது எளிது. அவனை அகற்ற வேண்டுமானால், அவன் வேலைக்குப் போய்வரக் கூடிய தூரத்தில் முதலில் மாற்று வீடு கொடுக்க வேண்டும். ஆற்றைக் காப்பாற்றுகிறேன் என்று மனிதனைத் தெருவில் விடக் கூடாது.

கடைமடையில் என்ன பெயர்?

இனிமேல்தான் முக்கியமான செய்தி.

நகரத்தில் நாம் சாக்கடை என்று சொல்லும் இதே கிருதுமாலை, கீழே உள்ள கிராமங்களில் என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா? 'நதி' என்றே சொல்லுகிறார்கள். 'கிருதுமால் நதியிலே தண்ணீர் விடுங்கள்' என்றுதான் விவசாயிகள் கேட்கிறார்கள். மதுரைக்குக் கிழக்கே விரகனூர் மதகணை இருக்கிறது. வைகைத் தண்ணீரை அங்கிருந்து கிருதுமாலுக்குத் திறந்துவிடுவது உண்டு. அந்தத் தண்ணீரை நம்பிக் கண்மாய்கள் இருக்கின்றன. கண்மாயை நம்பி வயல்களும் ஆடுமாடுகளும் இருக்கின்றன.

ஒரே ஆறு. தலைமாட்டில் இருப்பவன் மூக்கைப் பொத்துகிறான். கால்மாட்டில் இருப்பவன் கை ஏந்துகிறான்! தலைமாட்டில் பெயர் சாக்கடை. கால்மாட்டில் பெயர் நதி. நாம் சாக்கடை என்று சொல்லும்போது, கீழே இருக்கும் உழவனின் தண்ணீரைத்தான் அப்படிச் சொல்லுகிறோம். இது சரியா?

பெயருக்கு உள்ள பலத்தை இன்னொரு விதத்திலும் பார்க்கலாம். காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கரூர் மாவட்டம் மாயனூரில் தொடங்கி 262 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டும் திட்டம் அது. 2021 பிப்ரவரி 21-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். குண்டாற்றின் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. அதுவும் ஆண்டின் பெரும் பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். ஆனால் அதை ஆறு என்றே எழுதினார்கள். அதனால் அது திட்டத்தில் இடம் பெற்றது. அந்தக் குண்டாற்றில் சேரும் கிருதுமாலை, நாம் நகரத்துக்குள் மூடி மறைக்கப் பார்க்கிறோம்.

கூவத்தின் கதை

பெயர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலே ஒரு சாட்சி இருக்கிறது. அது கூவம் ஆறு.

கூவம் என்பது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். திருஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் என்ற தலம் அதுதான். இவ்வளவு புண்ணியமான பெயர் இன்று என்ன ஆயிற்று? நாற்றத்துக்கு உவமை சொல்ல வேண்டுமானால் 'கூவம் மாதிரி' என்கிறார்கள். ஒரு கோயில் ஊரின் பெயர் வசவுச் சொல் ஆகிவிட்டது!

கூவத்துக்கு வந்த கதி கிருதுமாலுக்கு வரவேண்டுமா? மாலை என்று பெயர் வைத்த முன்னோர் எங்கே? சாக்கடை என்று பெயர் வைத்த நாம் எங்கே?

மாற்றவே முடியாது என்று நினைக்க வேண்டாம். தென்கொரியா நாட்டின் தலைநகர் சியோல். அந்த நகரின் நடுவில் ஓர் ஓடை உண்டு. அதன் பெயருக்குத் 'தெளிந்த நீரோடை' என்று பொருள். பெயர்தான் அப்படி, தண்ணீர் அப்படி இல்லை. கழிவு நாற்றம் தாங்காமல் அந்த ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். மேலே சாலை போட்டார்கள். அதற்கும் மேலே ஒரு மேம்பாலச் சாலையும் கட்டினார்கள். ஓடை பூமிக்குள் மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை.

2003-ஆம் ஆண்டில் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கினார்கள். மூடிய கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள். 2005-ஆம் ஆண்டில் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடை மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் ஓடும் தண்ணீரில் பெரும் பகுதி பக்கத்துப் பெரிய ஆற்றிலிருந்து இறைத்து விடுவதுதான். செலவும் மிக அதிகம். ஆனாலும் இன்று அதன் கரையில் மக்கள் குழந்தைகளோடு வந்து உட்காருகிறார்கள்.

'பெயரில் என்ன இருக்கிறது?'

சிலர் கேட்பார்கள்: 'ஐயா, பெயரை மாற்றினால் நாற்றம் போய்விடுமா? முதலில் கழிவு நீரை நிறுத்துங்கள். பிறகு பெயரைப் பார்ப்போம்.'

நல்ல கேள்வி. பெயரால் மட்டும் தண்ணீர் சுத்தமாகாது. உண்மைதான். ஒவ்வொரு வீட்டுக் கழிவும் பாதாளச் சாக்கடையில் சேர வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும்.

ஆனால் அந்தப் பணத்தை யார் கேட்பார்கள்? சாக்கடையைச் சுத்தம் செய்யுங்கள் என்று எந்த ஊரிலாவது மக்கள் திரண்டு வந்ததுண்டா? சாக்கடை என்றால் அழுக்காகத்தானே இருக்கும் என்று இருந்துவிடுவார்கள். 'எங்கள் ஆற்றைச் சுத்தம் செய்யுங்கள்' என்று சொல்லித்தான் திரள்வார்கள். ஆறு என்று சொல்லும்போதே ஓர் உரிமை வருகிறது. உரிமை வந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் வேலை நடக்கும்.

நாம் செய்யக் கூடியது

பெரிய வேலையை அரசாங்கமும் மாநகராட்சியும் செய்யட்டும். நாம் செய்யக் கூடிய சின்ன வேலைகள் உண்டு.

கிருதுமாலைக் கடக்கும் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு பெயர்ப் பலகை வைக்க வேண்டும். நாகமலையில் தொடங்குகிறது, குண்டாற்றோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது என்று பெரிய எழுத்தில், நல்ல தமிழில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

அரசாங்கக் காகிதங்களிலும் வரைபடங்களிலும் எல்லா இடத்திலும் 'கிருதுமால் ஆறு' என்றே எழுத வேண்டும். வாய்க்கால், ஓடை, வடிகால் என்று இடத்துக்கு ஒரு பெயர் கூடாது.

மதுரைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைத் துவரிமானுக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாம். ஆறு எங்கே தொடங்குகிறது என்று காட்டலாம். கங்கை எங்கே பிறக்கிறது என்று நம் பிள்ளைகள் சொல்லுவார்கள். தெருக்கோடியில் ஓடும் ஆறு எங்கே பிறக்கிறது என்று தெரிய வேண்டாமா?

குப்பைப் பையைப் பாலத்திலிருந்து எறிவதை இன்றே நிறுத்தலாம். இதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம். அடிக்கல்லும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. வீட்டிலே, தெருவிலே, பேருந்திலே பேசும்போது அதை ஆறு என்று சொல்லுவோம். நாக்கு வராது, பழக்கிக் கொள்வோம்.

'அந்த ஆறு எங்க போச்சு?' என்று அந்தப் பையன் கேட்டானே, அதற்கு எனக்கு இப்போது பதில் தெரிகிறது.

தம்பி, ஆறு எங்கும் போகவில்லை. நீ நின்ற பாலத்துக்கு அடியிலேதான் இருக்கிறது. நாங்கள்தான் அதன் பெயரைத் தொலைத்துவிட்டோம். நீ திரும்பவும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. கிருதுமால் என்று கூப்பிடு. உன் அப்பத்தாவும் உன்னோடு சேர்ந்து கூப்பிடுவார்.